ஒரு பரவாயில்லையைத் திரும்பப் பெறும் வழிமுறை

அழைப்பிதழில் ‘மனிதர் – கணினி ஊடாட்ட ஆய்வு மாநாடு’ என்று இருந்ததைப் படித்ததும், இது ஏதோ புருஷன் பெண்டாட்டி சண்டை சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் காஜாக்கா நினைத்தாள். ஊடல் என்றால் என்னவென்று பள்ளிக்கூடத்தில் படித்தது அவளுக்கு மறக்கவில்லை. டீச்சர் வெட்கப்பட்டுக்கொண்டே அந்தப் பாடத்தை அவசர அவசரமாக நடத்தி முடித்ததும் மறக்கவில்லை.

“ஊடாட்டம்னா சண்டையாங்க?” என்று கணவரைக் கேட்டாள்.

அவர் இடது கைச் சுட்டுவிரலால் பெட்டியைத் தட்ட ஆரம்பித்தார். தட்டி முடிக்கச் சற்று நேரமாகும். அவள் காத்திருந்தாள்.

“சண்டைக்கு மாநாடு எதற்கு? நீ ஒருத்தி போதாதா?” என்றது பெட்டி.

அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நன்றாக இருந்த காலத்தில் அவர் பேச்சில் இரண்டு வார்த்தைக்கு ஒன்று வெளியில் சொல்ல முடியாததாக இருக்கும். பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் நாக்கையும் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு போனபின் வீடு கப்சிப்பென்று ஆகிவிட்டது. காஜாக்கா தையல் கடையில் நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துவிட்டு, காதில் மெஷின் சத்தத்தோடு வீட்டுக்கு வருவாள். வந்ததும் அந்தச் சத்தம் அடங்கும். அது அடங்கிய பின் கேட்க ஒன்றுமே இருக்காது. அந்த நேரத்துக்குப் பயந்து அவள் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து வந்ததும் உண்டு.

பிறகுதான் ஆய்வுக்காரர்கள் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். படத்தையோ எழுத்தையோ தட்டினால் அது பேசும். ஆனால் பெட்டிக்குப் பேச்சுத் தமிழ் வராது. ‘எங்கடி போய்த் தொலஞ்ச’ என்று அவர் மனசுக்குள் நினைத்துத் தட்டினால், “நீ எங்கே சென்று தொலைந்தாய்?” என்று செய்தி வாசிப்பவர் குரலில் கணீரென்று கேட்கும். முதல் முறை அரசாங்கமே தன்னைத் திட்டுவதுபோல அவளுக்கு இருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “எதற்குச் சிரிக்கிறாய்? நான் கோபத்தில் இருக்கிறேன்” என்று பெட்டி சொல்ல, அவள் தரையில் உட்கார்ந்தே விட்டாள்.

அதன்பின் அவள் நிறுத்தம் தப்பாமல் இறங்கினாள். காஜா எடுக்கும்போதே மனசுக்குள் பதில்களைச் சேர்த்து வைக்கத் தொடங்கினாள்.

இப்போது அந்தப் பெட்டி ஊமையாகப் போகிறது. பெட்டிக்குள் இருப்பது வெறும் கூடு, பேச்சு வேறெங்கோ இருக்கும் ஒரு சர்வரிலிருந்து வருகிறது, மாநாட்டின் கடைசி நாள் மாலையில் அந்த சர்வரை நிறுத்துகிறார்கள் என்று ஆய்வுக்காரப் பெண் போனில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் சரியாக இல்லை.

“ஏம்மா நிறுத்துறாங்க?”

“ஆய்வு முடிஞ்சுதுக்கா. எடுத்துட்டாப் பரவாயில்லன்னு நீங்கதான் பேட்டியில சொல்லியிருந்தீங்க.”

சொன்னாள்தான். மழையில் நனைந்து வந்த அன்று அந்தப் பெண் கேட்டாள், “ஆய்வு முடிஞ்சதும் பெட்டிய நாங்க திரும்ப எடுத்துக்கிற மாதிரி இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்க்கா?” என்று. கேட்கும்போதே அவள் முகம் கேட்கக் கூடாததைக் கேட்கிற முகமாக இருந்தது. புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துத் தோல் உரிந்திருந்தது. இந்தக் காலோடு இன்னும் எத்தனை வீடு ஏறி இறங்கவேண்டுமோ என்று காஜாக்கா அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அதுக்கென்ன, பரவாயில்ல” என்றாள்.

காஜாக்கா ஆயுளில் அந்த வார்த்தையைச் சொல்லாத நாள் கிடையாது. காலை மிதித்தவரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் எடுத்த காஜாவை எல்லாம் பிரித்து மறுபடி எடுக்கச் சொன்ன கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அது பதிலே இல்லை. எதிரில் இருப்பவர் சங்கடப்பட வேண்டாம் என்று நகர்ந்து கொடுக்கிற இடம். அதைப் போய் ஒருவர் எழுதி வைப்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவுதான் விஷயம். மாநாட்டில் கடைசி நாள் ‘பயனர் தினம்’ என்றும், மேடைக்கு ஒரு பயனர் வேண்டும் என்றும், ஆய்வுக்காரப் பெண் அவள் பெயரைக் கொடுத்திருக்கிறாள் என்றும் தெரிந்தபோது காஜாக்கா உடனே வருகிறேன் என்றாள். போய், சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. சரிசெய்துவிட்டு வந்த பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது? நாத்தனாரை வரவழைத்து அவருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

*

மாநாட்டு மண்டபத்தின் வாசலில் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். அதில் பெயரும், பெயருக்குக் கீழே பட்டமும், பட்டத்துக்குக் கீழே நிறுவனமும் இருந்தன. காஜாக்காவின் அட்டையில் ‘பயனர்’ என்று மட்டும் இருந்தது.

“பேரு போடலையாம்மா?”

“போடக் கூடாதும்மா. உங்க தனியுரிமை” என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்தவள். அப்படியே பக்கத்தில் திரும்பி, “பயனர் வந்தாச்சு” என்று குரல் கொடுத்தாள்.

கும்பல் கூடிவிட்டது. ஆளுக்கொரு போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். முகத்தைப் படம் எடுத்தால் தனியுரிமை என்ன ஆகும் என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கேட்டால் இவ்வளவு ஆசையாக எடுக்கிறவர்களுக்குச் சங்கடமாகிவிடுமே என்று விட்டுவிட்டாள். தலை நரைத்த ஒருவர் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“நான் இந்தத் துறைக்கு வந்து ஆயுசே போயிடுச்சும்மா. பயனரைப் பத்தி மூணு புத்தகம் எழுதியிருக்கேன். நேர்ல ஒருத்தரைப் பாக்குறது இதான் முதல் தடவை.”

“அப்படிங்களா” என்றாள் காஜாக்கா.

“பேசவும் செய்யறீங்க” என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

மேடையின் நட்டநடுவில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார்கள். மாநாட்டுத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, ஒரு காலத்தில் நாம் கணினியை மையத்தில் வைத்தோம். அது பெரும் பிழை என்று உணர்ந்து, இன்று பயனரை மையத்தில் வைத்திருக்கிறோம். இதோ, கண்ணால் காணுங்கள். பயனர் இல்லையேல் நாம் இல்லை. பயனருக்குச் சிக்கல்கள் இருப்பதால்தான் நமக்கு ஒரு துறை இருக்கிறது. அந்தச் சிக்கல்கள் இன்னும் பல தலைமுறைக்கு நீடிக்கும் என்று உங்களுக்கு நான் உறுதியளிக்கிறேன்.”

கைதட்டல் அடங்கவே நேரமானது. பிறகு தலைவர் திரையில் படம் போட்டார். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, திரை தெரியவில்லை, பயனர் மறைக்கிறார் என்றார். தலைவர் குனிந்து, “கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்கம்மா” என்றார். தள்ளினாள். இன்னும் மறைத்தது. இன்னும் தள்ளினாள். கடைசியில் மேடைக்குப் பக்கத்துப் படிக்கட்டில், பூந்தொட்டிக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டதும் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. மேடை நடுவில் காலியான இடத்தைச் சுட்டிக்காட்டியபடி, பயனரை மையத்தில் வைப்பது எப்படி என்று தலைவர் தொடர்ந்து விளக்கினார்.

*

அடுத்து பேராசிரியர் பேசினார். பெட்டித் திட்டத்தை நடத்தியவர் அவர்தான். காஜாக்காவைப் படிக்கட்டிலிருந்து இறக்கிக் கூட்டத்தில் ஆய்வுக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். பேராசிரியரின் முகத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

“பங்கேற்பாளர் ஏழு வசிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம்” என்றார் பேராசிரியர். “பெட்டி வருவதற்கு முன் இந்த வீட்டில் கணவன் மனைவி இடையே வாய்ச்சண்டை ஒன்றுகூட நடக்கவில்லை. முழு அமைதி. பெட்டி வந்த பிறகு பாருங்கள்.”

திரையில் சிவப்புக் கோடு ஒன்று ஏணி மாதிரி மேலே ஏறியது.

“கணவர் பேசியதில் பெரும்பகுதி மனைவியைக் குறைசொல்வது. உப்பு இல்லை. கதவைச் சாத்தவில்லை. உன் தங்கைக்கு அறிவு இல்லை. மனைவியும் பதிலுக்குப் பேசுகிறார், அதுவும் பெரும்பாலும் உரத்த குரலில். ஆகவே இந்தக் கருவி குடும்ப அமைதியைக் குலைக்கிறது என்ற வருத்தமான முடிவுக்கு நாங்கள் வரவேண்டியிருந்தது. கருவியை எடுத்துவிட்டால் பழைய அமைதி திரும்பும் என்று எங்கள் கணக்கீட்டு மாதிரி கணிக்கிறது.”

பழைய அமைதி. அந்தச் சிவப்புக் கோட்டில் ஒவ்வொரு படியும் காஜாக்காவுக்குத் தெரியும். அந்த உச்சி, தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போவதா வேண்டாமா என்று மூன்று நாள் நடந்த சண்டை. கடைசியில் அவர் “நீ வென்றாய். இப்போது தேநீர் கொண்டு வா” என்று தட்டியதும், ஜெயித்தவள் ஏன் தேநீர் போடவேண்டும் என்று அதற்கு ஒரு தனிச் சண்டை போட்டதும் நினைவுக்கு வந்தன. அவளுடைய நல்ல நாட்களையெல்லாம் ஒருவர் மலைபோல அடுக்கி வைத்து, இது நோய் என்கிறார்.

“பயனரின் கருத்து இல்லாமல் நாங்கள் எதையும் செய்வதில்லை” என்றார் பேராசிரியர். திரை முழுக்க, கறுப்புப் பின்னணியில், வெள்ளை எழுத்தில் வந்தது: “அதுக்கென்ன, பரவாயில்ல.” கீழே சின்னதாக: பங்கேற்பாளர் ஏழு.

அரங்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அற்புதம்” என்றார் இன்னொருவர். “ஒரே ஒரு சந்தேகம். ‘அதுக்கென்ன’வுக்கும் ‘பரவாயில்ல’வுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கே, அதை எப்படி வகைப்படுத்தினீங்க?”

“நல்ல கேள்வி. அதை மனநிறைவுன்னு வகைப்படுத்தியிருக்கோம்.”

அந்த இடைவெளியில் அவள் அடுத்த அறையில் கணவர் விழித்திருக்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது. மனநிறைவு என்றால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று இப்போது நினைத்துக்கொண்டாள்.

கையைத் தூக்கினாள். ஆய்வுக்காரப் பெண் மெதுவாக அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“இங்க கை தூக்கக் கூடாதுக்கா. தூக்க முடியாதவங்களுக்கு அது அநியாயம்னு போன வருஷம் தீர்மானம் போட்டாங்க. ஆப்லதான் கேக்கணும்.”

காஜாக்காவின் போனில் ஆப்பை இறக்கிக் கொடுத்தாள். அது நிறுவனத்தின் பெயரைக் கேட்டது. காஜாக்கா ‘வீடு’ என்று எழுதினாள். அப்படி ஒரு நிறுவனம் இல்லை, பட்டியலில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கவும் என்றது ஆப். பெண் தன் போனிலிருந்து கேட்பதாகச் சொன்னாள். ‘பெட்டியை நிறுத்தாமல் இருக்க முடியுமா?’ என்று அவள் எழுதி அனுப்ப, கேள்விகளை மெருகேற்றுகிற வசதி ஒன்று அந்த ஆப்பில் இருந்தபடியால், திரையில் அது ‘இத்திட்டத்தின் நீடித்த தன்மை குறித்து விளக்க முடியுமா?’ என்று வந்தது.

பேராசிரியர் மிகவும் மகிழ்ந்தார். பெட்டியின் மேல்மூடி மறுசுழற்சி செய்யக்கூடிய பிளாஸ்டிக் என்பதைப் பற்றி நிதானமாகப் பேசினார்.

காஜாக்கா எழுந்து நின்றுவிட்டாள். தான் நிற்பது அவளுக்கே நின்ற பிறகுதான் தெரிந்தது.

“ஐயா, அந்த வார்த்தைய நான்தாங்க சொன்னேன். மரியாதைக்குச் சொன்னது. அதைத் திரும்ப வாங்கிக்கிறேன். பெட்டி இருக்கட்டும்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்பக் கனிவாகப் பார்த்தார்.

“அம்மா, உங்க உணர்வை நான் மதிக்கிறேன். ஆனா நீங்க ஏழா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. ஏழோட அடையாளத்தைக் காப்பாத்துறது என் கடமை. உங்ககிட்ட இருந்தும்.”

இதற்கும் கை தட்டினார்கள்.

*

அறநெறிக் குழுவுக்கு மாடியில் தனி அறை இருந்தது. ஆய்வுக்காரப் பெண் காஜாக்காவை அங்கே கூட்டிப்போனாள். கண்ணாடிச் சுவர், வட்ட மேசை, மேசைமேல் ஒரு கிண்ணம் நிறையப் புதினா மிட்டாய். அறநெறி மேடம் மிட்டாயைக் காஜாக்கா பக்கம் நகர்த்தி, எடுத்துக்கொள்ளும்படி சொன்னாள். எடுத்துக்கொள்ளாமலும் இருக்கலாம், அது முழுக்க உங்கள் விருப்பம் என்றும் சொன்னாள்.

“மேடம், நான்தாங்க ஏழு.”

“அப்படியெல்லாம் சத்தமாச் சொல்லாதீங்கம்மா. உங்களை யாரும் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு எவ்வளவு பாடுபட்டிருக்கோம் தெரியுமா?”

“நானே வந்து சொல்றேனே.”

“நீங்க சொல்றதால ஆயிடாது. ஏழு யாருங்கிறதை மொத்தமா அழிச்சாச்சு. இப்ப எங்களுக்கே தெரியாது. தெரியாதுங்கிறதுலதான் எங்க பெருமையே இருக்கு.”

“இந்தப் பொண்ணுக்குத் தெரியுங்க. மாசாமாசம் எங்க வீட்டுக்கு வந்திருக்கு. எங்க வீட்டுல சாப்பிட்டிருக்கு.”

அறநெறி மேடம் ஆய்வுக்காரப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள். “இவங்களைத் தெரியுமா உனக்கு? தெரியும்னா அது விதிமீறல். உன் பட்டத்துக்கே சிக்கல். யோசிச்சுச் சொல்லு.”

பெண் யோசிக்கவில்லை. மேசைமேல் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, “தெரியாது மேடம்” என்றாள்.

காஜாக்காவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் நகம் இன்னொரு விரலின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தாள். தானாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள். தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள். அதுவும் இவளைவிட வேகமாக.

“ஸாரிக்கா” என்று பெண் உதட்டுக்குள் சொன்னாள்.

“பரவாயில்ல” என்றாள் காஜாக்கா.

வாயை விட்டுப் போனபிறகுதான் அவளுக்கு உறைத்தது. அறநெறி மேடம் திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

“பாத்தீங்களா, இப்பவும் அதையேதான் சொல்றீங்க. தரவு உறுதியா இருக்கு.”

“அப்ப நான்தான் ஏழுன்னு ஒத்துக்கிறீங்களா?”

“இல்லம்மா. பொதுவா எல்லாப் பயனரும் இதைத்தான் சொல்றாங்க. அது இல்லேன்னா எங்களால ஒரு ஆய்வும் முடிக்க முடியாது.”

பிறகு மேடம் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். அடுத்த வருஷம் பெட்டியின் புதுப் பதிப்பு வருகிறது. அதில் சண்டை வராது. உப்பு இல்லை என்று தட்டினால் “உன் கைப்பக்குவம் அருமை, சற்று உப்புச் சேர்த்தால் மேலும் சிறக்கும்” என்று சொல்லும். அந்த ஆய்வுக்குக் காஜாக்கா விண்ணப்பிக்கலாம்.

“ஆனா ஒரு நிபந்தனை. பழைய பெட்டியப் பயன்படுத்தினவங்க சேர முடியாது.”

“நாங்கதான் பயன்படுத்தினோமே.”

“அதைத்தான் நிரூபிக்க முடியாதேம்மா” என்று மேடம் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். “அதனால உங்களுக்குத் தகுதி இருக்கு. அதிர்ஷ்டம்னு வெச்சுக்கங்க.”

காஜாக்கா அந்தப் பெட்டியை மனசுக்குள் வீட்டில் வைத்துப் பார்த்தாள். கணவர் புருவத்தை நெரித்துக்கொண்டு, ‘எங்கே சென்று தொலைந்தாய்’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறார். பெட்டி, “உன் வருகை மகிழ்ச்சி அளிக்கிறது” என்கிறது. அப்போது அவர் முகம் எப்படி ஆகும் என்று யோசித்தாள். தன் வாயால் பேச முடியாத மனிதன் ஒருவன், தான் பேசாததைத் தன் வாயாகக் கேட்டுக்கொண்டிருப்பது. அதற்கு மேல் யோசிக்க அவளால் முடியவில்லை.

ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எடுக்காமல் வந்தால் மேடம் வருத்தப்படுவாளே என்று இருந்தது.

*

மாலையில் நிறைவு விழா. அந்த ஆண்டின் சிறந்த கட்டுரைக்கான விருது பெட்டிக் கட்டுரைக்குக் கிடைத்தது. விருதைப் பயனர் கையால் கொடுப்பதுதான் பொருத்தம் என்று தலைவர் நினைத்தார். மறுபடி பூந்தொட்டிக்குப் பின்னால் உட்காரவைத்திருந்த காஜாக்காவைக் கூட்டிப்போய்க் கண்ணாடிக் கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள்.

அவள் அதைப் பேராசிரியரிடம் நீட்டினாள். அவர் பிடித்தார். அவள் விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கையில் பிடித்துக்கொள்ள அன்று முழுக்க அவளுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பேராசிரியர் புன்னகை மாறாமல் மெதுவாக இழுத்தார். அவளும் இழுத்தாள்.

“அப்படியே இருங்க, ரொம்ப நல்லா வருது” என்றார் படம் எடுப்பவர்.

படம் எடுத்து முடித்ததும் விட்டுவிட்டாள்.

தலைவர் மறுபடி மைக்கைப் பிடித்தார். “ஒரு தொழில்நுட்பத்தைத் தொடங்குவது எளிது. பொறுப்போடு முடிப்பதுதான் அரிது. அந்த முன்மாதிரியை இன்று இந்த மேடையிலேயே படைக்கிறோம். இதோ இந்தப் பொத்தானை அழுத்தியதும் சர்வர் ஓய்வு பெறும். இதை அழுத்தும் அதிகாரத்தைப் பயனரிடமே ஒப்படைக்கிறோம்.”

சிவப்புப் பொத்தான் ஒன்று, பூ வைத்த தட்டில் வந்தது.

“ஒரு நிமிஷங்க, போன் வருது” என்றாள் காஜாக்கா. போன் வரவில்லை. படியிறங்கி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து, வெளி வராந்தாவுக்கு வந்து, அவளே வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் தடவை எண் தப்பாக விழுந்தது.

“அண்ணி, எங்க இருக்கீங்க? உங்க வீட்டுக்காரர் காலையிலேருந்து என் உயிரை வாங்குறார்” என்றாள் நாத்தனார்.

“போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பெட்டிகிட்ட வைம்மா. சீக்கிரம்.”

தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. உள்ளே தலைவர், “பயனர் எங்கே? பயனர் எங்கே?” என்று மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உன் நாத்தனார் போட்ட தேநீரில் சர்க்கரை இல்லை” என்றது பெட்டி. “அவள் உன்னைவிட மோசம்.”

“கேட்டீங்களா அண்ணி? கூடப்பொறந்தவளைச் சொல்ற பேச்சைப் பாருங்க.”

“சர்க்கரை போடாதேன்னு நான்தாங்க அவகிட்ட சொன்னேன். டாக்டர் சொன்னதை மறந்துட்டீங்களா?”

“மருத்துவர் ஒரு மூடர்.”

“ஆமா, உங்களைத் தவிர எல்லாரும் மூடர். மாத்திரை போட்டீங்களா?”

தட்டும் சத்தம். அவள் வராந்தாச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் மிச்சமிருக்கிற பேச்சு அதற்கே சரியாகப் போய்விடும்.

“போட்டேன். நீ எப்போது வருவாய்? அங்கே கைதட்டும் ஒலி கேட்கிறது. நீ எந்தக் கேளிக்கையில் இருக்கிறாய்?”

“கேளிக்கையா? உங்களைக் கட்டிக்கிட்டு எனக்குக் கேளிக்கை ஒண்ணுதான் கொறச்சல்.”

உள்ளே தலைவர் குரல் தெளிவாகக் கேட்டது. “பயனர் இல்லாவிட்டாலும் நிகழ்ச்சி நிற்காது. நானே அழுத்துகிறேன்.”

“சொல்லுங்க” என்றாள் காஜாக்கா. “ஏங்க, ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க.”

தட்டு. தட்டு.

“வரும்போது” என்றது பெட்டி.

அரங்கமே எழுந்து கை தட்டியது. கதவு அதிர்ந்தது.

“வரும்போது என்னங்க?”

தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. விரல் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு வேகமாகத் தட்டியது. பிறகு உள்ளங்கையால் அடிக்கிற சத்தம்.

“பேட்டரி போயிடுச்சு போல அண்ணி. விளக்கு எரியுது, பேச மாட்டேங்குது.”

“இருக்கட்டும்மா. அடிக்க வேண்டாம்னு சொல்லு. நான் கேக்குறேன், அவர் தலையாட்டட்டும், நீ பாத்துச் சொல்லு.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “வரும்போது ஏதாவது வாங்கிட்டு வரணுமாங்க?”

“முறைக்கிறார் அண்ணி.”

“பிளேடு?”

“இல்லையாம்.”

“தைலம்?”

“இல்லையாம்.”

ஆய்வுக்காரப் பெண் வெளியே வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். மாநாட்டைப் பற்றிய கருத்துக்கணிப்பு அவள் போனில் திறந்திருந்தது, சிரித்த முகம் அழுத முகம் என்று வரிசையாக. அதை அவள் நீட்டவில்லை. காஜாக்கா சோப்பு, பிஸ்கட், ரேடியோவுக்குப் பேட்டரி என்று கேட்டுக்கொண்டே போவதை நின்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் நாத்தனாரின் குரல் இல்லை என்றது.

“அக்கா” என்றாள் பெண், தயங்கித் தயங்கி. “வாங்குறதுக்கு இல்லாம இருக்கலாம்க்கா. வரும்போது பாத்து வான்னு சொல்ல வந்திருப்பாரோ?”

காஜாக்கா போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

“அவரா? கல்யாணம் ஆன நாள்லேருந்து அவர் வாயில அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லம்மா.”

ஆனால் வந்திருக்கலாம். அந்தச் செய்திக்காரர் குரலில், சுத்தமாக, ‘வரும்போது கவனமாக வா’ என்று. நல்லா இருந்த வாயில் வராதது அந்தக் குரலில் வந்திருக்கலாம். ஒரு தலையாட்டலில் தெரிந்துபோகும். கேட்டால் போதும். ஆமாம் என்று ஆட்டினால், அதை அவர் இனி ஒருநாளும் சொல்லிக் கேட்க முடியாது. இல்லை என்று ஆட்டினாலும் அப்படித்தான்.

போனை மறுபடி காதில் வைத்தாள். பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

“அண்ணி, இருக்கீங்களா? பாத்துட்டே இருக்கார்.”

“இருக்கேன், இருக்கேன். அவரைக் கேளு,” என்றாள். “சீப்பா? குண்டு பல்பா? ஆணி ஏதும் வேணுமா?”